சும்மா சுத்திப் பார்க்க நமக்கும் ஆசை இருக்காதா?



நாம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கினால் போதும், "எங்கே கிளம்பிட்டே?" என்ற கேள்வி பின்னாலேயே வரும். ஆஸ்பத்திரி, கோயில், மளிகைக் கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம், கல்யாண வீடு, துக்க வீடு என்று ஏதாவது ஒன்றைச் சொன்னால்தான் அந்தக் கேள்வி அடங்கும். "சும்மா ஊரைச் சுத்திப் பார்த்துட்டு வர்றேன்" என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் நம்மை ஒருமாதிரி பார்ப்பார்கள். டீக்கடைக்குப் போகிற ஆண்பிள்ளையிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. நமக்கு மட்டும் காரணம் வேண்டும்!

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். கல்யாணமாகி வில்லியனூருக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. திருக்காமீசுவரர் கோயில், மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு மூன்றைத் தவிர இந்த ஊரில் அவர் வேறு எதையும் பார்த்ததில்லை. "எனக்கு அங்கெல்லாம் என்னம்மா வேலை?" என்பார். வேலை இருந்தால்தான் போக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நல்ல பதிலாக ஒரு விளையாட்டு எனக்குக் கிடைத்திருக்கிறது. பெயர் 'ஜியோகேச்சிங்'. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், நம்ம ஊர் புதையல் வேட்டைதான். ஒருவர் சின்ன டப்பாவை எங்கேயோ ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் சொல்வார். மற்றவர்கள் செல்போனை வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். டப்பாவுக்குள் ஒரு குட்டி நோட்டு இருக்கும். அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளே இருக்கிற சின்னப் பொருளை எடுத்துக்கொண்டால், அதே மதிப்புள்ள இன்னொன்றைப் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

நான் இதில் இரண்டு மாதக் கத்துக்குட்டி. என் அக்கா மகள் சொல்லிக் கொடுத்தாள். புதுவை நகரத்தில் முதல் டப்பாவைக் கண்டுபிடிக்க எங்கள் மூன்று பேருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அது எந்த இடம் என்று மட்டும் கேட்காதீர்கள். தேடிக் கண்டுபிடித்த இடத்தை வெளியே சொல்லாமலிருப்பதுதான் இந்த விளையாட்டின் தர்மம். ஆனால் அந்த டப்பா கையில் கிடைத்தபோது நாங்கள் போட்ட கூச்சலை, நாற்பத்தைந்து வயசில் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே!

இது பிறந்த கதையும் சுவையானது. செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் வசதியை அமெரிக்க ராணுவம் தனக்கென்று வைத்திருந்தது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்து, சுமார் நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும்படி செய்திருந்தார்கள். 2000-ம் ஆண்டு மே மாதம் அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்தில் ஒரு காட்டுப் பகுதியில் ஒரு வாளியைப் புதைத்து வைத்து, "கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்" என்று எண்களை அறிவித்தார். அந்த வாளிக்குள் இருந்த பொருள்களில் ஒன்று பீன்ஸ் டப்பா! இன்று உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கும் மேலான டப்பாக்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இதற்கும் முந்தியே, 1854-ல், இங்கிலாந்தின் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தில் ஜேம்ஸ் பெரோட் என்ற வழிகாட்டி ஒரு பாட்டிலை வைத்து, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டுவிட்டுப் போகச் சொன்னாராம். மனுஷருக்கு இந்த ஆசை புதிதில்லை.

"எண் எல்லாம் நமக்கு எங்கே புரியப்போகுது?" என்று சில சகோதரிகள் நினைக்கலாம். புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இது ஒன்றுமே இல்லை. வில்லியனூர் சுமார் 11.92 வடக்கு, 79.76 கிழக்கு. பாகூர் சுமார் 11.80 வடக்கு, 79.74 கிழக்கு. வடக்கு எண் குறைந்தால் தெற்கே போகிறோம் என்று அர்த்தம். ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது இடத்தில் ஒன்று மாறினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்றாவது இடத்தில் மாறினால் நூறு மீட்டருக்குச் சற்று மேல். நான்காவது இடத்தில் மாறினால் பத்துப் பதினோரு மீட்டர். தரையிலிருந்து 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்காவது நம்ம போனுக்குக் கிடைத்தால்தான் இடம் சரியாகத் தெரியும். அதனால் அடர்ந்த மரத்தடியிலும், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் எண் கொஞ்சம் குதிக்கும். அந்தக் கடைசி ஐந்து பத்து மீட்டரை நம் கண்ணால்தான் தேட வேண்டும். தொலைந்த கம்மல் திருகாணியைக் கண்டுபிடிக்கிற கண் நமக்கு இருக்கும்போது இது ஒரு பெரிய விஷயமா?

சரி, இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த பெரிய லாபம், பக்கத்தில் இருந்தும் பார்க்காமல் விட்டதைப் பார்க்கிறோம்.

வில்லியனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் கீழூர் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவோடு சேரலாமா என்று 1954 அக்டோபர் 18-ம் தேதி ஓட்டெடுப்பு நடந்த ஊர் அது. 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அதன்பிறகு நவம்பர் 1-ம் தேதி ஆட்சி கை மாறியது. நம் எல்லோருடைய விதியையும் தீர்மானித்த இடம். நினைவுச் சின்னமும் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறோம்?

பாகூரை நெற்களஞ்சியம் என்கிறோம். அங்கே ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது. அதன் செலவுக்கு மூன்று கிராமங்களை நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில் எழுதிக் கொடுத்த செப்பேடுகள் கிடைத்திருக்கின்றன. மூலநாதர் கோயில் இருக்கிறது. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் இருக்கிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள் தங்கள் சொத்தைச் செலவழித்து நீர்வழி வெட்டினார்கள் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஊருக்காகக் குளம் வெட்டிய ஆயியின் பெயரில் புதுவைப் பூங்காவில் மண்டபமே இருக்கிறது. அதன் முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். பெண்கள் வெட்டியதாகச் சொல்கிற வாய்க்காலின் கரையில் நடக்க மட்டும் நமக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை.

நம்ம பூகோளமே ஒரு விளையாட்டுத்தான். புதுவையிலிருந்து கடலூர் சாலையில் பஸ்ஸில் போனால் தவளக்குப்பம் தாண்டியதும் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கிருமாம்பாக்கம் மறுபடியும் புதுச்சேரி. ஒரு டப்பாவைத் தேடிப் போனால் இரண்டு மாநிலம் மாறிவிடலாம்!

ஆனால் நம்ம கிராமங்களில் இந்த விளையாட்டு இன்னும் பரவவில்லை. அதனால் நாங்கள் மூன்று பேரும் எங்களுக்குள்ளேயே விளையாட ஆரம்பித்தோம். ஒருத்தி ஓரிடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு எண்ணை எழுதி வருவாள். கூடவே ஒரு கேள்வியும் தருவாள். "தூணில் எத்தனை பூ இருக்கு? கல்லில் என்ன வருஷம் போட்டிருக்கு? எந்த மரத்து நிழல் வாய்க்கால்ல விழுது?" மற்ற இரண்டு பேரும் போய்ப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். டப்பாவே கிடையாது. உலக அளவிலும் டப்பா இல்லாமல், இடத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் முறை உண்டு. நம்ம ஊருக்கு இதுதான் ஏற்றது என்பது என் கருத்து.

ஏன் என்றால், யாரும் இல்லாத இடத்தில் ஒரு டப்பா கிடந்தால் ஜனங்கள் பயப்படுவார்கள். 2011-ல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில் இப்படி ஒளித்த ஒரு சின்னப் பெட்டியை வெடிகுண்டு என்று நினைத்து, தெருவையே அடைத்து, நிபுணர்கள் வந்து வெடிக்கச் செய்தார்கள். விளையாட்டு வினையாகக் கூடாது. இன்னொன்று, அரிக்கமேடு மாதிரி இடங்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்து, ரோம் நாட்டோடு நடந்த வியாபாரத்தை உலகுக்குக் காட்டிய மண் அது. அங்கே ஒரு பிடி மண்ணைக்கூட நாம் கிளறக்கூடாது. ஊசுடு ஏரி பறவைகளின் வீடு. அங்கே புதருக்குள் நுழைந்து தேடுவது பாவம். குழி தோண்டி டப்பாவைப் புதைக்கக் கூடாது, இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்காமல் வைக்கக் கூடாது, தின்பண்டம் வைக்கக் கூடாது என்பதெல்லாம் இன்று இந்த விளையாட்டின் விதியாகவே இருக்கிறது.

அப்படியும் டப்பா வைக்க ஆசையா? உங்கள் சொந்தத் தோட்டத்தில் வையுங்கள், அல்லது சொந்தக்காரரிடம் கேட்டு வையுங்கள். உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி மாதிரி டப்பாவாக இருக்கட்டும். என்ன விளையாட்டு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். உள்ளே பிளாஸ்டிக் சாமான் போடுவதைவிட, நம்ம வில்லியனூர் சுடுமண் பொம்மை ஒன்றைச் சின்னதாகப் போடலாம். புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை அது. குயவர் வீட்டுக்கும் நாலு காசு கிடைக்கும்.

இனி வரப்போகிற எதிர்ப்புகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"பொம்பளைங்க தனியா ஒதுக்குப்புறமா போறது பத்திரமா?" நியாயமான கேள்விதான். தனியாகப் போக வேண்டாம். இரண்டு மூன்று பேராக, பகல் வெளிச்சத்தில் போங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லுங்கள். பொந்திலும் கல் இடுக்கிலும் கையை விடாதீர்கள்; குச்சியால் தட்டிப் பாருங்கள், பாம்பு இருக்கும். பாழுங்கிணறு, ஏரி மதகு, ரயில் பாதைப் பக்கம் வேண்டவே வேண்டாம். மனசுக்குச் சரியாகப் படாத இடமென்றால் திரும்பி வந்துவிடுங்கள். டப்பா எங்கேயும் ஓடிப்போகாது. ஆனால் ஒன்று. பயமாக இருக்கிறது என்று நாம் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தால், அந்த வழிகள் என்றைக்கும் பயமான வழிகளாகவே இருக்கும். நாலு பெண்கள் அடிக்கடி நடக்கிற பாதையில் ஐந்தாவது பெண்ணுக்குத் தைரியம் வரும்.

"வீட்டு வேலையை யாரு பார்க்கிறது?" மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி நேரம். அன்றைக்குக் காலையில் இட்லிக்குச் சட்னியை வீட்டுக்காரர் அரைத்தால் குடி முழுகிப் போகாது.

"வேலையத்த வேலை" என்று ஒரு பெரியவர் என் காதுபடவே சொன்னார். அவர் தினமும் ஆலமரத்தடியில் நாலு மணி நேரம் சீட்டாட்டம் பார்ப்பவர். அதை யாரும் வேலையத்த வேலை என்று சொல்வதில்லை. ஆண்களின் பொழுதுபோக்குக்குப் பெயர் ஓய்வு. நம்முடையதற்குப் பெயர் ஊர் சுத்துறது. இந்தப் பேச்சு மாறவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் செலவும் அதிகமில்லை. வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கும் போனே போதும், ஆரம்பத்தில் காசு கட்டாமலே விளையாடலாம். அதே போனில் பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் கிடக்கிறார்கள் என்று நாம் புலம்புகிறோமே, அந்தப் போனையே கையில் கொடுத்து அவர்களை வாய்க்கால் கரைக்கு நடக்க வைக்க முடிகிறது. எங்களோடு வந்த ஒரு பன்னிரண்டு வயசுப் பையன், கீழூரில் 178-லிருந்து 170-ஐக் கழித்துவிட்டு, "அந்த எட்டுப் பேரு ஏன் வேணாம்னாங்க?" என்று கேட்டான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கேட்காத கேள்வி அது.

ஆகவே என் யோசனை இது. வில்லியனூர், பாகூர் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழுக்கள் கடன், தவணைக் கணக்கோடு நின்றுவிடாமல், மாதம் ஒரு நாள் இப்படி ஒரு தேடலை வைக்கலாம். ஒவ்வொரு ஊர்க்காரியும் தன் ஊரில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, எண்ணும் கேள்வியும் எழுதித் தரட்டும். பழைய கோயில், குளம், சாவடி, பெரிய மரம், பிரெஞ்சுக்காலத்துக் கட்டடம் எதுவாக இருந்தாலும் சரி. பள்ளிக்கூடத்து ஆசிரியைகளும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். சென்னையில் 2004-லிருந்து ஆகஸ்டு மாதத்தில் மெட்ராஸ் தினம் என்று கொண்டாடி, ஜனங்களைத் தெருத்தெருவாக நடத்திக் காட்டுகிறார்களே, நம்ம கொம்யூன்களுக்கு அதைவிடக் குறைந்த சரித்திரமா இருக்கிறது?

அடுத்த முறை "எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்டால், "பதினொண்ணு புள்ளி எட்டு பூஜ்யத்துக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவர்கள் அதற்கு அர்த்தம் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் பாகூர் போய்ச் சேர்ந்துவிடலாம். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

– ஒரு வாசகி, வில்லியனூர்.