எல்லாரும் பல்லக்கில் ஏறினால்...

'எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார்?' தொழிலாளர் கூட்டுறவு என்று வாயெடுத்தாலே எதிரில் இருப்பவர் இந்தப் பழமொழியை எடுத்துவிடுவார். பட்டறை முதலாளியும் சொல்வார், அவரிடம் கூலிக்கு நிற்பவரும் சொல்வார். தொழிலாளிக்கு வேலை தெரியும், நிர்வாகம் தெரியாதாம். சங்கத்தை அவன் கையில் கொடுத்தால் முதல் வருஷம் சண்டை, இரண்டாம் வருஷம் ஊழல், மூன்றாம் வருஷம் பூட்டு. பணிக்காலம் முழுவதையும் கூட்டுறவு இயக்கத்திலேயே கழித்த எனக்கு இந்த வசனம் மனப்பாடம்.

இந்தியன் காபி ஹவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முடிவெடுத்தது. பரிமாறியவர்களும் சமையல்காரர்களும் தெருவுக்கு வரவேண்டிய நிலை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஏ.கே. கோபாலன் அவர்களிடம் சொன்னது, கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பதுதான். ஆகஸ்டில் பெங்களூரில் சங்கம், அக்டோபரில் டெல்லியில் கடை, அடுத்த வருஷம் திருச்சூர். அரசு வாரியம் கைகழுவிய தொழிலைச் சர்வர்கள் இன்றுவரை நடத்துகிறார்கள். கேரளக் கடைகளில் பீட்ரூட் போட்டுச் சிவந்த மசாலாவோடு தோசை வரும். விசிறித் தலைப்பாகையோடு அதைக் கொண்டுவந்து வைப்பவர் அந்தச் சங்கத்தின் பங்குதாரர். எச்சில் மேஜை துடைக்கச் சேர்ந்தவர் படிப்படியாகப் பரிமாறுபவராகி, பிறகு மேலாளராகவும் ஆவது அங்கே சாதாரணம். பல்லக்கில் முறைவைத்து ஏறலாம் என்பது பழமொழி சொன்னவருக்குத் தோன்றவில்லை போலும். (காபி சுமார்தான். கும்பகோணத்துக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

காபிக்கடை சின்ன விஷயம் என்பீர்கள். சரி, கண்ணூருக்கு வாருங்கள். பீடித் தொழிலாளர்களுக்கென 1966இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கேரளத்தில் அதை அமல்படுத்தியதும், இந்தச் செலவு எங்களுக்குக் கட்டாது என்று மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பட்டறைகளை மூடிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாயிரம் பேர் வரை வேலையிழந்தார்கள். 1969 பிப்ரவரியில் அவர்களுக்காகத் தொடங்கியதுதான் கேரள தினேஷ் பீடி. பங்குத்தொகைக்கு அரசு கடன் தந்தது, மத்திய சங்கத்துக்குத் தலைவரையும் நியமித்தது. ஆனால் அடிமட்டச் சங்கங்களைத் தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழுக்களே நடத்தின. முதலாளிக்குக் கட்டாது என்ற அதே சட்டப்படி கூலி, விடுப்பு எல்லாம் கொடுத்துத்தான் சங்கம் வளர்ந்தது. உச்சத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள்.

அந்தப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றும்போது, ஒருவர் மட்டும் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். தலையங்கம், நாவல், எல்லாம் வரும். படிப்பவருக்குக் கூலி குறையாமல் மற்றவர்கள் தங்கள் பீடியில் ஒரு பங்கு கொடுப்பார்கள். இவர்களுக்கா வரவு செலவு புரியாது? பிறகு பீடிக்கே காலம் மாறியது. புகைப்பவர் குறைய, உறுப்பினரும் குறைந்தார்கள். சங்கம் தேங்காய்ப்பால், குடை, துணி என்று திரும்பியது. பழைய அளவுக்கு வேலை திரும்ப வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே கேரளத்தில், வடகரைக்குப் பக்கத்தில் ஊராளுங்கல். சமூக சீர்திருத்தக்காரர் வாக்படானந்தரோடு சேர்ந்தார்கள் என்பதற்காகவே நிலக்கிழார்கள் வேலை மறுத்த கூலிக்காரர்கள் 1925இல் சங்கம் கட்டினார்கள். மண்வெட்டியில் தொடங்கிய அந்தச் சங்கம் இன்று சாலையும் பாலமும் போடுகிறது, கோழிக்கோட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா நடத்துகிறது. கேரள அரசின் சலுகையில் வளர்ந்தது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. சலுகை இருந்தது உண்மை. ஆனால் தலப்பாடியிலிருந்து செங்களை வரை ஆறுவழித் தேசிய நெடுஞ்சாலை வேலையை அதற்குக் கொடுத்தது மத்திய அரசின் நெடுஞ்சாலை ஆணையம். அந்தச் சங்கத்தில் வேலை செய்வோர் எல்லாரும் உறுப்பினர் இல்லை என்பதுதான் நியாயமான குறை. தொழிலாளர் கூட்டுறவு என்ற பெயருக்கு அதைச் சரிசெய்தே ஆகவேண்டும்.

கூட்டுறவு தோற்பதே இல்லையா என்று கேட்பீர்கள். தோற்கும். ஸ்பெயினின் மொன்றாகோன் கூட்டுறவுக் குழுமத்தில் வீட்டு உபயோகப் பொருள் செய்த ஃபாகோர் 2013இல் திவாலானது. உடனே உலகமெங்கும், பார்த்தீர்களா என்றார்கள். அதற்கு முந்தைய வருஷம் கிங்ஃபிஷர் விமானங்கள் தரையில் நின்றன. 2018இல் ஐஎல்&எஃப்எஸ் நிதி நிறுவனம் தொண்ணூறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கடனோடு விழுந்தது. அப்போது 'முதலாளிகளுக்கு நிர்வாகம் வராது' என்று யார் சொன்னார்கள்? அங்கே விழுந்தால் ஓர் ஆளின் தப்பு, இங்கே விழுந்தால் கொள்கையின் தப்பு. இந்த இரட்டைத் தராசைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். ஃபாகோர் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குக் குழுமத்தின் மற்ற சங்கங்களில் வேலையோ, முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. கிங்ஃபிஷர் ஊழியர்கள் சம்பள பாக்கிக்கு அலைந்தார்கள்.

தொழிலாளிக்கு நிர்வாகம் வராது என்ற நம்பிக்கை நம் ஊரில் இவ்வளவு ஆழமாக வேரூன்றக் காரணம் வேறு. சொசைட்டி என்றால் நமக்கு ரேஷன் கடை, நகைக்கடன், ஆளுங்கட்சிக்காரர். தமிழ்நாட்டில் 1970களின் நடுவில் கலைக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களுக்கு மறுபடி தேர்தல் வந்தது 1996இல். இடைப்பட்ட காலமெல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. நெசவாளர் சங்கத்தில் பாவும் ஊடையும் வாங்கி, துணியைக் கொண்டுவந்து கொடுத்து, கூலிக்குக் காத்திருந்த உறுப்பினருக்கு அந்தச் சங்கம் தன்னுடையது என்று தோன்ற என்ன வழி இருந்தது? சாவியைத் தராமலே இருபது வருஷம் வைத்திருந்துவிட்டு, பூட்டைத் திறக்கத் தெரியாதவர்கள் என்று பட்டம் கட்டினோம்.

கூட்டுறவுச் சங்கம் அமைப்பது 2011ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அடிப்படை உரிமை. ஆகவே இரண்டு விஷயங்களைக் கேட்கிறேன். அரசே, சங்கத் தேர்தல்களைக் காலம் தவறாமல் நடத்து, தனி அலுவலரைத் திரும்ப அழைத்துக்கொள். சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் நண்பரே, பொதுப்பேரவைக் கூட்டத்துக்குப் போங்கள். தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.