ஃபைலின் தேதியை நம்பலாமா?

கம்ப்யூட்டரில் ஃபைலின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் தேதியை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. பாகப் பிரிவினைப் பேச்சுகளில் இப்போதெல்லாம் "அப்பா 2015-லேயே டைப் செய்து வைத்திருக்கிறார், தேதியைப் பாருங்கள்" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுகிறார்கள். நம் வயதுக்காரர்களும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறோம்.

யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் ஒரு ஃபைலுக்கு முக்கியமாக மூன்று நேரங்கள் உண்டு: கடைசியாகப் படித்தது, உள்ளே இருப்பதைக் கடைசியாகத் திருத்தியது, ஃபைலைப் பற்றிய விவரம் கடைசியாக மாறியது. 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி என்பதுதான் கணக்கு. முதல் இரண்டையும் நமக்கு வேண்டியபடி மாற்றச் சொல்லி இயங்குதளத்திடமே கேட்கலாம். அந்த அழைப்பின் பெயர் 'யூடைம்'. 'டச்' என்ற கட்டளையை ஒரு வரி அடித்தாலும் போதும். இன்று எழுதியது 2015-இல் எழுதியதாகிவிடும்.

இது திருட்டு வழி அல்ல. பத்திரப்படுத்திய ஃபைல்களைத் திரும்ப எடுத்து வைக்கும்போது எல்லாவற்றுக்கும் இன்றைய தேதி விழுந்துவிடாமல் பழைய தேதியையே போட இது தேவை. ஆனால் பழைய தேதி போடும் உரிமை யாருக்கு? ஃபைலின் சொந்தக்காரருக்கும் கம்ப்யூட்டர் நிர்வாகிக்கும். எழுத மட்டும் அனுமதி பெற்றவர் 'இப்போது' என்றுதான் போட முடியும். ஆக, ஆதாயம் யாருக்கோ அவர் கையிலேயே பெரும்பாலும் தேதி இருக்கிறது. மூன்றாவது நேரத்தை இந்த அழைப்பால் நம் இஷ்டப்படி வைக்க முடியாது. தேதியை மாற்றிய நேரம் அதில் தானாகப் பதிந்துவிடும். ஆனால் சாதாரணமாகத் திரையில் அது தெரிவதில்லை. கம்ப்யூட்டர் கடிகாரத்தையே பின்னால் திருப்பிவிட்டால் அதுவும் ஏமாந்துபோகும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1804-ஆம் ஆண்டு சிவில் சட்டத்திலேயே இதை யோசித்திருந்தார்கள். இருவர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரத்தின் தேதி மூன்றாம் ஆளைக் கட்டுப்படுத்தாது. பத்திரம் பதிவான நாள், கையெழுத்திட்டவர்களில் ஒருவர் இறந்த நாள், அரசு அதிகாரி எழுதிய ஆவணத்தில் அதன் சாரம் இடம்பெற்ற நாள் - இவற்றில் ஒன்று வேண்டும். அதற்குத்தான் 'தாத் செர்த்தேன்', உறுதியான தேதி, என்று பெயர். செத்தவர் கையெழுத்துப் போட முடியாதல்லவா!

ஆபீசில் தபால் வரவுப் பதிவேட்டுக்கு மதிப்பு வந்ததும் இதனால்தான். மனு கொடுத்தவர் மேலே என்ன தேதி எழுதினாலும், 411-க்கும் 413-க்கும் நடுவில் 412 என்று விழுந்த எண்ணை அவரால் நகர்த்த முடியாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் சாட்சியச் சட்டம், மின்னணு ஆவணத்தோடு 'ஹாஷ்' என்ற கைரேகை போன்ற எண் குறித்த சான்றிதழையும் கேட்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த எண் எடுத்த பிறகு ஃபைல் மாறவில்லை என்பதைத்தான் அது காட்டும்; அதற்கு முந்தைய கதையைச் சொல்லாது.

எனவே நண்பர்களே, உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். தேதி நம் பெட்டியில் இருப்பதைவிட அடுத்தவர் புத்தகத்தில் இருப்பதே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.