தேடுகிறவர் கண்ணில் பட...

திரிங்காப்பிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பா தேயிலைத் தோட்டத்தில் மண்டோர். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மகள் பாலிடெக்னிக்கில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். இரண்டரை ஆண்டுகளாக ஊரிலேயே, காய்கறியைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார். ஈப்போவிலோ கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ஒரு நல்ல வேலை கிடைத்தால், அங்கே வீடு வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தை மலையிலிருந்து இறக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

“லிங்க்டுஇன்னில் பதிந்து ஒரு வருஷம் ஆகிறது, சார். ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறார்களா, இல்லை என் பெயரைப் பார்த்தா?”

பெயரைப் பார்த்து ஒதுக்குவது நம் நாட்டில் நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். லீ ஹ்வோக் ஆன், முஹமட் அப்துல் காலிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 753 வேலை விளம்பரங்களுக்கு 3,012 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சீனப் பெயர்களுக்கு 22.1 விழுக்காடு அழைப்பு வந்தது, மலாய்ப் பெயர்களுக்கு 4.2 விழுக்காடு. 2016-இல் வெளியான ஆய்வு இது. இந்தியப் பெயர்களை அதில் சேர்க்கவில்லை.

ஆனால் இந்த வாசகியின் விஷயம் அதுவரைக்கும் போகவே இல்லை. அவர் அனுப்பிய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெயருக்குக் கீழே ‘எக்ஸிகியூட்டிவ்’ என்ற ஒரு சொல்லும் கம்பெனிப் பெயரும் மட்டும். திறன்கள் என்ற இடத்தில் மைக்ரோசாஃப்ட் வேர்ட், டீம்வொர்க், லீடர்ஷிப். மற்றதெல்லாம் வெறுமை. ஒதுக்குவதற்கு முதலில் ஒருவர் பார்த்திருக்க வேண்டுமே!

நான் சில ஆண்டுகள் பெட்டாலிங் ஜெயாவில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன். அந்த மேசையிலிருந்து பார்த்தால் இது சுலபமாகப் புரியும். ஆள் தேடுகிறவர்கள் நம்மைப்போல லிங்க்டுஇன்னைப் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. அவர்களுக்கென்று கட்டணம் கட்டி வாங்கும் தனிக் கருவி இருக்கிறது. அதில் பதவி, இடம், திறன், அனுபவம் என்று பெட்டி பெட்டியாக இருக்கும். ஷா ஆலாமில் ஓர் உணவுத் தொழிற்சாலைக்குத் தர அதிகாரி வேண்டுமென்றால், ‘குவாலிட்டி அஷூரன்ஸ்’ அல்லது ‘குவாலிட்டி கன்ட்ரோல்’, கூடவே ‘ஹாசப்’ என்று தட்டுவார்கள். அந்தச் சொற்கள் யார் பக்கத்தில் இருக்கின்றனவோ அவர்கள்தான் பட்டியலில் வருவார்கள். ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று மட்டும் தட்டித் தேடிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

நம் பாட்டன் காலத்தில் ஆள் எடுத்தவர் கங்காணி. தோட்டத்திலிருந்து உரிமச் சீட்டோடு கப்பலேறித் தன் சொந்தக் கிராமத்துக்குப் போவார். உறவுக்காரர், ஊர்க்காரர் என்று தெரிந்த முகங்களைத் திரட்டிக்கொண்டு வருவார். ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுப்பது 1910-இல் நிறுத்தப்பட்ட பிறகு இந்த முறைதான் ஓங்கி நின்றது. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தபோது அது முடிவுக்கு வந்தது. கேமரன் மலையில் போ தோட்டம் தொடங்கியது 1929-இல், அதாவது அந்த முறையின் கடைசிப் பத்தாண்டில். கங்காணிக்கு உங்கள் தாத்தாவின் முகம் தெரியும், அவருடைய அப்பாவையும் தெரியும். தேடல் பெட்டிக்கு ஒருவரையும் தெரியாது. நீங்கள் எழுதியது மட்டும்தான் அதற்குத் தெரியும். நல்லதோ கெட்டதோ, நிலைமை அதுதான்.

வாசகியோடு தொலைபேசியில் பேசினேன். வேலையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “சும்மா புக்கு எழுதுவேன் சார், லாரி ஏற்றும்போது நிற்பேன்” என்றார். எந்தப் புக்கு? எந்தத் தோட்டத்துக் கோஸ், என்றைக்கு மருந்து அடித்தார்கள், என்றைக்கு அறுத்தார்கள், எந்தப் பெட்டியில் போகிறது என்ற விவரம். சிங்கப்பூருக்குப் போகும் சரக்கில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருந்தால் சிக்கல் என்பதால், சோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்புவதும் அவர்தான். குளிர் அறையின் வெப்பநிலையை நாளுக்கு மூன்று முறை குறிப்பதும் அவர்தான். மைகேப் சான்றிதழுக்கு அதிகாரிகள் வந்தபோது கோப்புகளைக் காட்டி விளக்கியதும் அவரே!

இதைத்தான் ‘சும்மா’ என்கிறார். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தச் ‘சும்மா’வை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். செய்த வேலையைச் சொன்னால் பெருமை பீற்றுவதாகிவிடும் என்ற கூச்சம். ஆனால் அவருடைய புக்குக்குத் தொழிலில் ‘டிரேசபிலிட்டி’ என்று பெயர். குளிர் அறை வேலை ‘கோல்ட் செயின்’. மாதிரி எடுப்பது ‘சாம்பிளிங்’. அதிகாரிகளுக்குக் கோப்புக் காட்டியது ‘ஆடிட்’. ஒரு பொய்யும் வேண்டாம். செய்கிற வேலைக்கு ஊரில் ஒரு பெயர், தேடுகிறவரிடம் ஒரு பெயர் இருக்கிறது. தேடுகிறவரின் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெயர்களை எங்கே பிடிப்பது? நீங்கள் விரும்பும் வேலையின் விளம்பரங்களில் பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு தாளில் குறியுங்கள். அவற்றில் உங்களுக்கு நிஜமாகவே தெரிந்தவற்றை மட்டும் பக்கத்தில் ஏற்றுங்கள். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் இடம் உண்டு. பட்டியலில் பெயரோடும் படத்தோடும் கண்ணில் படுவது அந்த வரிதான், அதனால் முக்கியமான சொல் முதலில் வரட்டும். எங்கள் வாசகி இப்போது ‘குவாலிட்டி அஷூரன்ஸ், ஃபுட் சேஃப்டி, மைகேப், கோல்ட் செயின்’ என்று மாற்றியிருக்கிறார். ஹாசப்பைப் படித்திருக்கிறார், வேலையில் செய்ததில்லை. ஆகவே அதைப் படிப்புப் பகுதியில் போடச் சொன்னேன். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் மொழிகள் பகுதியில் சேர்த்தாயிற்று.

இடம் பற்றியும் கேட்டிருந்தார். கேமரன் மலை என்றே இருக்கட்டும், மறைக்க வேண்டாம். ‘ஓப்பன் டு வொர்க்’ பகுதியில் எந்த ஊர்களில் வேலை பார்க்கத் தயார் என்று குறிக்கலாம். அங்கே ஈப்போவும் ஷா ஆலாமும் போடுங்கள். அதிலேயே, ஆள் எடுக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் வசதியும் உண்டு. எல்லாருக்கும் தெரிவது என்று வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் விழும், முதலாளி மறுநாளே கூப்பிட்டுக் கேட்பார். மறைத்து வைத்தாலும் முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்டுஇன்னே சொல்கிறது. சின்ன ஊர் வேறு, யோசித்துச் செய்யுங்கள்.

தொடர்புகள் பற்றி ஒரு வார்த்தை. அவர் பக்கத்தில் இருந்த நாற்பது சொச்சம் பேரும் சொந்தக்காரர்களும் பள்ளித் தோழிகளும். அவர்களுக்குத் தெரிந்த வேலைகள் அவருக்கும் ஏற்கெனவே தெரிந்தவைதான். ‘பலவீனமான உறவுகளின் பலம்’ பற்றி மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். அதை 2022-இல் லிங்க்டுஇன்னிலேயே இரண்டு கோடிப் பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். நெருங்கிய உறவைவிட, ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்கள் வழியாகத்தான் வேலை மாற்றம் அதிகம் நடந்தது. ஆகவே பாலிடெக்னிக் விரிவுரையாளர், பயிற்சிக்காலத்து மேலாளர், சோதனைக்கூடத்தில் அறிக்கை தருகிறவர் என்று பெயரளவில் தெரிந்தவர்களுக்கு இரண்டு வரி எழுதி இணையுங்கள்.

பக்கம் கண்ணில் பட ஆரம்பித்தால் மோசடிக்காரர் கண்ணிலும் படும். 2022 முதல் கம்போடியாவிலும் மியன்மாரிலும் வேலை என்று நம்பிப் போய்ச் சிக்கிக்கொண்ட மலேசியர்கள் எத்தனை பேர்! ஐசி எண், வீட்டு முகவரி இரண்டையும் பக்கத்தில் போடாதீர்கள். பயிற்சிக்கென்றும் விசாவுக்கென்றும் முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் இதே சொற்களோடு பதிந்து வையுங்கள்.

உங்கள் பக்கம் எத்தனை தேடல்களில் வந்தது என்ற எண்ணிக்கையை லிங்க்டுஇன் காட்டும். இன்றைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னும் சொற்கள் பொருந்தவில்லை. எண் ஏறியும் அழைப்பு வராவிட்டால், பட்டியலில் பார்க்கிறவர்கள் உள்ளே வந்து திரும்பிப் போகிறார்கள். அப்போது பக்கத்தை மறுபடி எனக்கு அனுப்புங்கள், அனுபவப் பகுதியை வரி வரியாகப் பார்ப்போம்.