பெயின்டைச் சுரண்டாதீர்கள்

பழைய இத்தாலியப் பந்தய சைக்கிள் கையில் கிடைத்ததும் பலர் உப்புத்தாளைத்தான் எடுக்கிறார்கள். 1885-இல் மிலானில் பிறந்த பியாங்கி நிறுவனத்தின் பச்சை கலந்த நீலத்தைப் புதிதாகப் பூசினால் வண்டி மினுங்கும். அதன் வயதோ காணாமல் போகும்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. இத்தாலிய ஃப்ரேமில் பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. கப் இரண்டுக்கும் வலது மரைதான். மிதிக்க மிதிக்க வலப்பக்கக் கப் தளரும். (பிரிட்டிஷ் வண்டிகளில் அங்கே இடது மரை, அந்தத் தலைவலி குறைவு.) அதை நன்றாக முறுக்கி, பேரிங்குக்குப் புது கிரீஸ் வைப்பதே முதல் வேலை.

டஸ்கனியின் கயோலே ஊரில் 1997-இல் தொடங்கிய 'லெரோய்க்கா' ஓட்டத்துக்கு இத்தகைய பழைய வண்டிகள்தான் வருகின்றன. வெள்ளை மண்சாலைப் புழுதியில் புதுப் பெயின்டை யார் பார்க்கப் போகிறார்கள்?