திருத்திய மதிப்பீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிச் சொல்லியே அரசாங்கக் கட்டடங்களுக்கும் நாம் மன்னிப்பு வழங்கிவிட்டோம். பாலத்துக்கு இரண்டு மடங்கு செலவானால் "சிமெண்ட் விலை ஏறிப்போச்சு, என்ன செய்யறது?" என்கிறோம். போன வாரம் கடற்கரையில் நடக்கும்போது நண்பர் ஒருவரும் இதையே சொன்னார். ஓய்வுபெற்ற பொறியாளர். நடந்துகொண்டே வாதாட எனக்கு மூச்சு போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

டென்மார்க் பேராசிரியர் பெந்த் ஃப்ளூவ்பியர்க்கும் அவருடைய சகாக்களும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 20 நாடுகளில் 258 சாலை, ரயில், பாலத் திட்டங்கள். பத்தில் ஒன்பது மதிப்பீட்டைத் தாண்டின. ரயில் திட்டங்களில் சராசரியாக 45 சதவீதம் அதிகம். பொதுவான விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு இது, நண்பரே! எழுபது ஆண்டுகளில் முன்னேற்றமும் இல்லை. தெரியாமல் செய்த பிழை என்றால் சில சமயம் கூடும், சில சமயம் குறையும். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிற தராசைக் கடையில் பார்த்தால் நாம் என்ன சொல்வோம்? அவர்களும் அதையேதான் சொன்னார்கள்: பொய்.

நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதிப்பீட்டைப் பிரெஞ்சில் 'தெவி' என்பார்கள். அந்தத் 'தெவி' எழுதுகிற பிரான்சிலேயே, ஃப்ளாமான்வில் அணு உலையை 330 கோடி யூரோவில் 2012க்குள் முடிப்பதாகச் சொல்லி 2007இல் ஆரம்பித்தார்கள். மின்சாரம் வந்தது 2024 டிசம்பரில். செலவு 1,300 கோடியைத் தாண்டியது.

நான் பொறியாளன் இல்லை, குமாஸ்தா. ஆனால் பொய் எந்த இடத்தில் நுழைகிறது என்று பார்த்தவன். ஓர் அலுவலகத்தில் ஒரு கட்டடத்துக்கு மதிப்பீடு தயாரானது. தொகை அதிகம், மேலிடத்துக்குக் கோப்பு போக வேண்டும். "சுற்றுச்சுவர், மின் இணைப்பு, தண்ணீர்த் தொட்டி மூன்றையும் எடுத்துட்டு மறுபடி டைப் அடிங்க" என்றார் அதிகாரி. அடித்தேன். ஒப்புதல் உடனே கிடைத்தது. சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பிய பிறகு 'திருத்திய மதிப்பீடு' வந்தது. பாதியில் நிற்கும் கட்டடத்தை யார் நிறுத்தச் சொல்வார்கள்? அந்தப் பணத்துக்காக ஓர் ஆரம்பப் பள்ளியின் கழிவறை வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. அதற்கான உத்தரவையும் நான்தான் டைப் அடித்தேன். வாய் திறக்கவில்லை.

"உண்மையைச் சொல்லியிருந்தா எதையுமே கட்டியிருக்க முடியாதுய்யா" என்பது பொறியாளரின் கடைசி வாதம். கட்டியிருக்கலாம், கழிவறையை.

வழி இல்லாமல் இல்லை. புதிய மதிப்பீட்டை நம்பாதே, அதே மாதிரி முன்பு கட்டியவற்றுக்குக் கடைசியில் எவ்வளவு ஆனது என்று பார் என்கிறார் ஃப்ளூவ்பியர்க். பிரிட்டனின் போக்குவரத்துத் துறை 2004இலேயே இந்த முறையை ஏற்றுக்கொண்டது. நமக்கு டென்மார்க்கிலிருந்து ஆள் வர வேண்டாம். எங்கள் அலுவலகத்திலேயே முடிந்த வேலைகளுக்கு ஒரு பதிவேடு இருந்தது. மதிப்பீடு ஒரு பத்தியில், இறுதிச் செலவு அடுத்த பத்தியில். வருடா வருடம் நிரப்பினேன். நான் ஓய்வு பெறும்வரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, தணிக்கைக்கு வந்தவர்களைத் தவிர. அவர்களும் கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்தார்கள்.