பையைச் சோதிக்கும் முன் பதிவைச் சோதியுங்கள்

"என்ன படிக்கிறாய்?" என்று உறவினர்கள் கேட்கும்போது "லாஜிஸ்டிக்ஸ்" என்றால் முகம் மலர்கிறது. "முடித்ததும் எங்கே வேலை?" என்ற அடுத்த கேள்விக்கு "கிடங்கில்" என்று சொன்னதும் அந்த மலர்ச்சி போய்விடுகிறது. பெட்டி தூக்கவா பல்கலைக்கழகம் போனாய் என்று என் சித்தப்பா நேரடியாகவே கேட்டுவிட்டார். அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. எஸ்டிபிஎம் முடித்து, பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்த ஐந்து மாதங்கள் ஷா ஆலமில் ஒரு கிடங்கில் வேலை செய்தேன். முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன்களும் உள்ளூர் ஆலைகளிலிருந்து லோரிகளும் அங்கே வரும். சோப்பு, பற்பசை, முகக் கிரீம் போன்ற பொருள்கள். கடைகளுக்கும் இணையத்தில் வாங்குவோருக்கும் அவை பிரிந்து போகும். கிடங்கு வேலை என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் ஐந்துதான்: வரும் சரக்கைப் பெறுவது, உரிய இடத்தில் அடுக்குவது, கெடாமல் வைத்திருப்பது, கேட்டபோது எடுப்பது, கட்டி அனுப்புவது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி உண்டு. சி-07-03 என்றால் சி வரிசையில் ஏழாவது பிரிவு, மூன்றாவது அடுக்கு. அந்த முகவரியில் எந்தப் பொருள் எத்தனை இருக்கிறது என்று கணினி சொல்கிறதோ, அதுவே அந்தத் தட்டிலும் இருக்க வேண்டும். காலாவதித் தேதி உள்ள பொருளில் எது முதலில் காலாவதியாகுமோ அதுவே முதலில் வெளியேற வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம் போதும்.

புதிதாகச் சேர்ந்தவன் என்பதால் என்னைச் சரக்குப் பெறும் பகுதியில் போட்டார்கள். ஃபோர்க்லிப்ட் ஓட்டத் தெரியாது, தட்டுகளின் முகவரி மனப்பாடம் இல்லை, ஆனால் எண்ணத் தெரியும் அல்லவா? இப்போது யோசித்தால், அந்தக் கிடங்கு செய்த முதல் தவறு அதுதான்.

ஒரு நாள் காலை மூன்று லோரிகள் வரிசையில் நின்றன. முகக் கிரீம் 60 பெட்டிகள் வந்தன. பெட்டியின் மீதிருந்த பட்டைக் குறியீட்டை ஸ்கேனரால் படித்தபோது, அப்படி ஓர் எண் பதிவில் இல்லை என்று அது மறுத்தது. இரண்டு முறை முயன்றேன். பின்னால் லோரிக்காரர் ஹாரன் அடித்தார். ஸ்கேனர் வழக்கம்போலக் கோளாறு செய்கிறது என்று முடிவு கட்டி, பட்டியலில் இருந்த பழைய எண்ணைக் கையால் தட்டினேன். கணினி ஏற்றுக்கொண்டது. டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்கேனருக்கு ஒரு கோளாறும் இல்லை. நாம் கடையில் வாங்கும் பொருளில் பெரும்பாலும் 13 இலக்க எண் இருக்கும். (அது 955 என்று தொடங்கினால் மலேசியாவில் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் மலேசியாவில் பதிவானது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.) பல பொருள்களை அடைத்து வரும் பெட்டிக்கோ பெரும்பாலும் 14 இலக்கத்தில் தனி எண் உண்டு. உள்ளே இருக்கும் எண்ணிக்கை மாறினால் பெட்டிக்குப் புது எண் தர வேண்டும் என்பது, உலகெங்கும் பட்டைக் குறியீடுகளை ஒழுங்குபடுத்தும் ஜிஎஸ்1 அமைப்பின் விதி. அதுவரை பெட்டிக்கு 24 என்று வந்த கிரீம் அன்று முதல் 20 என்று வந்திருந்தது. தயாரிப்பாளர் முறைப்படி எண்ணை மாற்றியிருந்தார். ஸ்கேனர் முறைப்படி மறுத்தது. நான் கையால் தட்டிய பழைய எண் 60 பெட்டியை 24-ஆல் பெருக்கி 1,440 என்று பதிந்தது. உண்மையில் உள்ளே வந்தவை 1,200.

அந்த 240 கிரீம் ஆறு வாரம் யார் கண்ணிலும் படவில்லை. பிறகு ஒரு நாள் தட்டு காலியாகிவிட்டது, கணினி மட்டும் இன்னும் 240 இருக்கிறது என்றது.

அந்த வரிசையில் சரக்கு எடுத்துவந்தவர் ஓர் அக்கா. அங்கே ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்பவர். எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று கணினிக்கு முன்பே சொல்லிவிடுவார். முகக் கிரீம் சிறிய பொருள், விலை உள்ள பொருள், சட்டைப்பையில் அடங்கும். மேற்பார்வையாளர் முதலில் கேமராப் பதிவைப் பார்த்தார். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று மாலை ஏழு மணிக்கு வாசலில் எல்லோரும் பார்க்க அக்காவின் பையை மேசையில் கொட்டச் சொன்னார்கள். சாப்பாட்டு டப்பா, குடை, பிள்ளைக்கு வாங்கிய இருமல் மருந்து. இரண்டு நாள் அவரை அந்த வரிசைப் பக்கமே விடவில்லை.

மூன்றாம் நாள்தான் ஸ்டோரில் மூத்தவரான பாக்சிக் ஒருவர் பழைய டெலிவரி ஆர்டர் கோப்பை எடுத்து வந்து பிரித்தார். 60 என்ற எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் பெட்டிக்கு 20 என்று அச்சாகியிருந்தது. அடியில் என் கையெழுத்து. பாக்சிக் என்னைத் திட்டவில்லை. "கிரா டுலு," என்று மட்டும் சொன்னார். முதலில் எண்ணு. அதன் பிறகுதான் கையெழுத்து.

கணினியில் அந்தத் தவறு ஒரே வரியில் திருத்தப்பட்டது: 240 கழிவு, காரணம் பெறும்போது ஏற்பட்ட பிழை. அக்காவின் பையைத் திறந்ததற்கு அப்படி எந்தத் திருத்தமும் பதிவாகவில்லை. நானே போய் அவரிடம் சொன்னேன். "ஒரு பெட்டியையாவது பிரித்துப் பார்த்திருக்கலாமே தம்பி" என்றார். அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

வீட்டில் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். அவர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தான் கொண்டுவந்த பாலுக்கும் கிராணி புத்தகத்தில் எழுதிய எடைக்கும் வித்தியாசம் வந்தால் யார் சொல் செல்லும் என்று கேட்கவே வேண்டியதில்லை என்றார். எனக்கு உறைத்தது வேறு. இந்தக் கதையில் கிராணி நான்.

கிடங்குகளில் திருட்டே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது. வாசலில் சோதனை வேண்டாம் என்பதும் என் வாதம் இல்லை. வரிசைதான் தவறு என்கிறேன். இருப்பு குறைந்தால் முதலில் பெற்ற பதிவு, அடுத்து இடமாற்றப் பதிவு, பிறகு அனுப்பிய பதிவு, பக்கத்துத் தட்டு, அதன் பிறகுதான் ஆள். இந்த வரிசையில் போயிருந்தால் எங்கள் விஷயம் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இன்னொன்று, சரக்குப் பெறும் மேடையில் புதியவரைத் தனியாக நிறுத்தக் கூடாது. அங்கே நுழையும் பிழை மற்ற நான்கு வேலைகளிலும் கூடவே பயணம் செய்கிறது. எடுப்பவர் சரியாக எடுத்தாலும் கட்டுபவர் சரியாகக் கட்டினாலும் கணக்கு இடிக்கும். 98 விழுக்காடு துல்லியம் என்றால் நமக்கு ஏ பிளஸ் போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கடை பத்து வகைப் பொருள் கேட்கிறது, ஒவ்வொன்றின் பதிவும் 98 விழுக்காடு சரி என்றால், பத்தும் சரியாக அமையும் வாய்ப்பு ஏறக்குறைய 82 விழுக்காடுதான். நூறு கடைகளில் பதினெட்டுக் கடைக்காரர்கள் தொலைபேசியில் சத்தம் போடுவார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். கொள்கலனைக் காலத்தோடு திருப்பித் தராவிட்டால் கட்டணம் ஏறும். லோரிக்காரருக்கு அன்று இன்னும் இரண்டு இடம் போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து எண்ண யாராலும் முடியாது. ஆனால் ஸ்கேனர் மறுத்தால் கையால் தட்ட முடியாதபடி கணினியைப் பூட்டி வைக்கலாமே, மூத்தவர் ஒருவர் வந்து பார்த்த பிறகே திறக்கும்படி. விலை உயர்ந்த சரக்குக்கு, எத்தனை வர வேண்டும் என்பதைக் காட்டாமலே எண்ணச் சொல்லும் முறையும் உண்டு. 60 என்று முன்கூட்டியே தெரிந்தால் கண் 60-ஐத்தான் பார்க்கும், என் கண் பார்த்ததுபோல. வேகமாக நகரும் பொருளை ஆண்டிறுதிக் கணக்கெடுப்புவரை விட்டுவைக்காமல் வாரம் ஒரு வரிசையாக எண்ணி வந்திருந்தாலும் ஆறு வாரம் ஆகியிருக்காது.

இவை எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இப்போது விரிவுரையில் இவற்றைத்தான் படிக்கிறேன், தேர்வுக்கும் வருகின்றன. ஆனால் வகுப்பில் 'இருப்பு வேறுபாடு' என்று ஒரு சொல்லாக வருவது, கிடங்கில் ஒருவருடைய பெயராக மாறிவிடுகிறது. நம்மில் எத்தனையோ பேருடைய அப்பாவோ அக்காவோ அங்கே வேலை செய்கிறார்கள். நாளை நாம் பட்டத்தோடு போய் அவர்களுக்கு மேலே உட்காரும்போது, கையெழுத்து நம்முடையதாகவும் சந்தேகம் அவர்கள்மீதும் இருக்கும்.

அடுத்த ஆண்டு எனக்குத் தொழிற்பயிற்சி. வகுப்பு நண்பர்கள் திட்டமிடல் பிரிவு, குளிர்சாதன அறை என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நான் சரக்குப் பெறும் பகுதி என்று எழுதியிருக்கிறேன். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.