பேஸ்டெஸ்ட் என்னும் பொதுக் குப்பைத்தொட்டி

டிஸ்கி: இது பொட்டி தட்டுறவன் புலம்பல். மத்தவங்களும் படிக்கலாம், பாத்திரக் கடை வர்ற இடம் எல்லாருக்கும் புரியும் :-)

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. ஆணி அதிகம். அதுலயும் ரெண்டு முழு நாள் அஞ்சு கேள்விக்குறிக்குப் போச்சு. அந்தக் கடுப்புல எழுதறேன், கொஞ்சம் காரம் கூடத்தான் இருக்கும்.

நாங்க செய்யறது கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர், ஜாவாவுல. ஆயிரத்துச் சொச்சம் யூனிட் டெஸ்ட் இருக்கு. என் லேப்டாப்புல எல்லாம் பச்சை. பில்ட் மெஷின்ல மட்டும் 17 டெஸ்ட் சிவப்பு. என்னன்னு பாத்தா, வரவேண்டியது ஜனவரின்னு இங்கிலீஷ்ல, வந்தது "?????". தனித்தனியா ஓட்டினா அந்த 17ம் பாஸ். சேத்து ஓட்டினா ஃபெயில். பேய் புடிச்ச மாதிரி.

ரெண்டாவது நாள் ராத்திரி, காளவாசல்ல டீ குடிக்கும்போதுதான் பொறி தட்டுச்சு. ஏன் சரியா அஞ்சு? ஜ, ன, வ, ர, அப்புறம் அந்தக் கொக்கி. யூனிகோடுல "ஜனவரி"க்கு அஞ்சு குறியீடு! பில்ட் மெஷின் விண்டோஸ். அதோட கன்சோலுக்குத் தமிழ் தெரியாது, ஆளுக்கொரு கேள்விக்குறி போட்டு ஒதுங்கிடுச்சு. எழுத்துரு சண்டை போட்டு வளந்த நம்ம வலைப்பதிவுக் கூட்டத்துக்கு இதெல்லாம் பழகின வியாதிதானே.

அப்ப இங்கிலீஷ் எதிர்பாக்குற டெஸ்டுக்குத் தமிழ் எங்கேர்ந்து வந்துச்சு? தமிழ் பில்லுக்குன்னு ஒரு டெஸ்ட் கிளாஸ் உண்டு. அது ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை ஜாவாவோட டீஃபால்ட் லொக்கேலைத் தமிழுக்கு மாத்துது. முடிஞ்சதும் திருப்பி வைக்கல. லொக்கேல் அந்த கிளாஸுக்கு மட்டும் சொந்தமில்ல, மொத்த ஜேவிஎம்முக்கும் பொது. அடுத்து வர்ற அத்தனை டெஸ்டும் தமிழ் பேசும். மேவன்ல டெஸ்ட் ஓட்டுற ஷ்யூர்ஃபயர், நாம ஒண்ணும் சொல்லலேன்னா ஃபைல்சிஸ்டம் குடுக்குற வரிசையிலதான் கிளாஸை எடுக்கும். என் லினக்ஸ்ல தமிழ் கிளாஸ் கடைசில வந்துச்சு, விண்டோஸ்ல முன்னாடி. அவ்ளோதான் பேய்.

இது வரைக்கும் யாரு மேலயும் கோவம் இல்ல. மறதி எல்லாருக்கும் வரும். அடுத்து நடந்ததுதான் வயித்தெரிச்சல்.

எங்க சீனியர் அண்ணன் அஞ்சு நிமிஷத்துல "ஃபிக்ஸ்" பண்ணிட்டார். எல்லா டெஸ்டுக்கும் தாயா பேஸ்டெஸ்ட்னு ஒரு கிளாஸ் இருக்கு. அதோட செட்அப்ல, ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னாடி, லொக்கேலை இங்கிலீஷ் ஆக்குன்னு ஒரு வரி. 17ம் பச்சை. ஆனா தமிழ் பில் டெஸ்ட் சிவப்பாயிடுச்சு, அது வச்ச தமிழை இவரோட வரி அழிச்சிருதே. அதுக்கும் வழி கண்டுபுடிச்சார்: அந்த டெஸ்டை இக்னோர். "பொறவு பாத்துக்கலாம் தம்பி."

பொறவு யாரும் பாக்கல. மூணு மாசம் கழிச்சு கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரி ஒருத்தர் போன் போட்டார். பில்லுல "கடலைப் பருப்"னு வருதாம். யாரோ பொருள் பேரை 12 எழுத்தோட வெட்டுன்னு மாத்தியிருக்காங்க. கண்ணால எண்ணினா "கடலைப் பருப்பு" இடைவெளி சேத்து 9. ஜாவா எண்ணினா 14. இதைப் புடிக்கவேண்டிய டெஸ்ட்தான் தூங்கிட்டு இருந்துச்சு. மதுரையில உக்காந்து, மதுரைக் கடைக்கு எழுதற சாஃப்ட்வேர்ல, ஓரங்கட்டணும்னதும் கை போனது தமிழ் டெஸ்ட் மேல. எரியுமா எரியாதா?

அண்ணன்கிட்ட கேட்டா ஒரே பல்லவி: "ஒரே கோடை நாலு எடத்துல எழுதக்கூடாது தம்பி, பொதுவுல வையி." அந்தப் பொது செட்அப் 310 வரி. 40 கஸ்டமரை டேட்டாபேஸ்ல போடுது, வரி விகிதம் ஏத்துது, பிரிண்டர் டம்மி வைக்குது. டெஸ்டைத் திறந்தா "மொத்தம் 1,250 வரணும்"னு மட்டும் இருக்கு. எந்தக் கஸ்டமர், எதோட மொத்தம்? மேல ரெண்டு ஃபைல் ஏறிப் போய்த் தேடணும். ஜெரார்ட் மெசாரோஸ் 2007ல எழுதின எக்ஸ்யூனிட் டெஸ்ட் பேட்டர்ன்ஸ் புத்தகத்துல இதுக்குப் பேரே வச்சிருக்கார், மர்ம விருந்தாளின்னு.

சரி, பாத்திரக் கடைக்கு வருவோம். எங்க மாமாவுக்குத் திருமங்கலத்துல வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணத்துக்கு அண்டா எடுத்துட்டுப் போறீங்கன்னா, எடுக்கும்போதே நோட்டுல எழுதிடுவார்: அண்டா 2, சாரணி 4, வாளி 6. திரும்ப வரும்போது அதே பக்கம், அதே வரி. கல்யாணத்துல சண்டை வந்து பாதில நின்னாலும் பாத்திரம் வந்தாகணும். எல்லாரும் கண்டதையும் கடை வாசல்ல கொட்டிட்டுப் போங்க, அடுத்து எடுக்க வர்றவன் கழுவிக்குவான்னு மாமா சொன்னா கடை நடக்குமா? பேஸ்டெஸ்ட்ல அண்ணன் போட்ட அந்த ஒரு வரி அதான்.

நான் சொல்றது இதான். எடுத்து வைக்கறது அந்தந்த டெஸ்டுக்குள்ளயே கண்ணுக்குத் தெரியணும். திருப்பி வைக்கற ஏற்பாடு எடுக்கற இடத்துலயே பதிவாகணும், டெஸ்ட் தோத்தாலும் ஓடணும். (டெஸ்டோட கடைசி வரில திருப்பி வைக்கறவங்களே, உங்களையும்தான். அதுக்கு மேல இருக்குற அசர்ட் தோத்தா அந்த வரி ஓடவே ஓடாது.)

இதெல்லாம் நான் கண்டுபுடிச்சதில்ல. ஜேயூனிட்டை கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997ல ஜூரிச்லேர்ந்து அட்லாண்டா போற விமானத்துல எழுதினாங்க. ஒவ்வொரு டெஸ்டுக்கும் புது ஆப்ஜெக்ட் உருவாக்கற பழக்கம் அதுல உண்டு, ஒருத்தன் எச்சில் அடுத்தவனுக்குப் போகக்கூடாதுன்னு. என்யூனிட் 2ல அப்படிச் செய்யாம விட்டது பெரிய தப்புன்னு அதை எழுதினவங்கள்ல ஒருத்தரான ஜேம்ஸ் நியூகிர்க்கே ஒத்துக்கிட்டார். பிராட் வில்சனோட சேந்து எக்ஸ்யூனிட் டாட் நெட் பண்ணும்போது செட்அப், டியர்டவுன் ரெண்டையுமே தூக்கிட்டார். பைத்தான்ல 2.7லேர்ந்தே ஆட்கிளீனப் இருக்கு, செட்அப் பாதில விழுந்தாலும் அதுவரை எடுத்ததைத் திருப்பி வைக்கும். கோ மொழியில 2020ல டி டாட் கிளீனப் வந்துச்சு. நாங்க கட்டிக்கிட்டு அழற ஜேயூனிட் 4ல கூட 2009லேர்ந்தே ரூல் இருக்கு.

வரிசையை நம்பி வாழ்ந்தவங்க கதையும் உண்டு. 2011ல ஜாவா 7 வந்தப்ப, ரிஃப்ளெக்ஷன் குடுக்குற மெத்தட் வரிசை மாறிப்போச்சு. வருஷக்கணக்கா பச்சையா இருந்த டெஸ்டுகள் காரணமே இல்லாம விழுந்துச்சு. 2012ல ஜேயூனிட் 4.11 ஒரு நிலையான வரிசையைக் குடுத்துச்சு, அதுவும் நாம எழுதின வரிசை இல்ல.

டேட்டாபேஸ் கிளப்பறதுக்கே அரை நிமிஷம் ஆகுதேம்பீங்க. அதைப் பொதுவுல வைங்க, வேணாங்கல. டெஸ்டுக்கு ஒரு டிரான்சாக்ஷன் போட்டு முடிஞ்சதும் ரோல்பேக் பண்ணுங்க. பந்தல் பொதுவா இருக்கட்டும், இலை ஆளுக்கு ஒண்ணு.

போன வாரம் உக்காந்து அங்கிட்டும் இங்கிட்டும் பிச்சுப் போட்டேன். லொக்கேலுக்கு ஒரு ரூல் எழுதினேன்: பழசை ஞாபகம் வச்சுக்கும், புதுசை வைக்கும், டெஸ்ட் தோத்தாலும் பழசைத் திருப்பிடும். 12 வரி. தமிழ் பில் டெஸ்டோட இக்னோரை எடுத்தாச்சு. இப்ப அதுல "கடலைப் பருப்பு"ம் இருக்கு. பேஸ்டெஸ்ட் 310லேர்ந்து 40 வரிக்கு வந்துருக்கு.

அண்ணன் ரிவ்யூவுல ஒரே ஒரு வரி போட்டுருக்கார்: "நாலு டெஸ்ட்ல அதே மூணு வரி திரும்பத் திரும்ப வருதே தம்பி?"

ஆமாண்ணே, வருது. இருக்கட்டும்.